சாக்ஸுக்குள் மூன்று இறால்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மீன் கடைக்குப் போய் ஒரு இறால் வாங்கி வர வேண்டும். ஒரு கிலோ இல்லை, கால் கிலோ இல்லை. ஒன்று.

சமைக்க இல்லை. அழுக வைக்க.

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இப்போதுதான் இதை நிதானமாக எழுத முடிகிறது. படித்துவிட்டுச் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். எங்கள் தெருவில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் பிரச்சினையே.

எல்லாம் என் மகள் ஜெர்லினால் வந்தது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குக் கடல் மீன் வளர்க்க வேண்டுமாம். பாட்டிலில் போட்டுத் தருகிற கோல்டு ஃபிஷ் எல்லாம் வேண்டாம். உப்புத் தண்ணீரில் மட்டும் உயிர் வாழுகிற, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன், ஒரு ஜோடி. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு. கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றாலே எங்களுக்கு அரை நாள் பஸ்.

வழக்கம்போல வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நான் பயந்தாங்கொள்ளி. இதில் மறைக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடம் கான்வென்ட்டில் படித்ததில் இங்கிலீஷ் வந்ததோ இல்லையோ, பயம் ஃபர்ஸ்ட் கிளாஸில் பாஸாகி வந்தது. வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் வலது கை தானாக நீளும், அடி வாங்க.

அந்தப் பயத்தை அப்படியே மகளுக்கும் பரிமாறிக்கொண்டிருந்தேன். நீச்சல் வகுப்பில் சேர்த்தேன், மறுநாளே நிறுத்தினேன். மூழ்கிவிடுவாளாம். சைக்கிள் வாங்கினேன், ஒரே வாரத்தில் என் அக்கா மகனுக்குக் கொடுத்தேன். லாரி வருமாம். கொடைக்கானலுக்கு ஸ்கூல் டூர் போனார்கள், இவள் மட்டும் வீட்டில் இருந்தாள். வத்தலக்குண்டுக்கு அப்புறம் ரோடு வளைகிறதாம்.

அதனால் மீன் தொட்டிக்கு நான் "பார்க்கலாம்" என்றதும் அவள் துள்ளவில்லை. ஹோம்வொர்க் நோட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வேணாம்மா. நீ வாங்குவ. அப்புறம் பாதில பயந்து கொட்டிருவ."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். அவள் மழை வரும் என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

"கொட்ட மாட்டேன்," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா. என்ன ஆனாலும் கொட்ட மாட்டேன்."

என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை. பயந்தாங்கொள்ளிகள் வீரம் பேசினால் இப்படித்தான்.

என் வீட்டுக்காரர் வத்தலக்குண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கடல் வேணும்னா ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். கடல எதுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வாரீங்க?" என்றார். எங்கள் வீட்டில் மூளை ஒரு ஆளுக்காவது இருந்தது. நாங்கள் மதிக்கவில்லை.

தொட்டி விற்ற கடைக்காரர், "அக்கா, கடல் தொட்டி என்கிட்ட கேட்டது நீங்கதான் ஃபர்ஸ்ட்டு," என்றார். அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். எச்சரிக்கை என்று பிறகுதான் புரிந்தது. மதுரையிலிருந்து வரவழைத்து ஒரு மூட்டை உப்பு, தண்ணீரை அலை மாதிரி தள்ளுகிற ஒரு மோட்டார், வீடு இடித்த இடத்தில் சும்மா கிடப்பதைப்போல நாலு கல், இவ்வளவையும் தலையில் கட்டினார்.

எங்கள் போர் தண்ணீரில் டீ போட்டாலே பாத்திரத்தில் வெள்ளை படியும். அதில் மீன் வாழாது. ஆகவே கேன் தண்ணீர். கேன் கொண்டுவருகிறவர் மூன்றாவது நடையில் கேட்டார்: "வீட்ல விசேஷமாக்கா?"

"மீனுக்கு."

அவர் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

உப்பைக் கலக்கி, மணல் போட்டு, கல் அடுக்கி, மோட்டாரைப் போட்டோம். நான் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு மரக்கரண்டியால்தான் சுவிட்சைத் தட்டினேன். தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருக்கிற எதையும் நான் நம்புவதில்லை. தொட்டி தயார். ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு கடல். மீன் மட்டும் இல்லை.

ஏனென்றால் உடனே மீன் விட்டால் செத்துவிடுமாம். மீனுடைய கழிவைத் தின்கிற கிருமிகள் முதலில் தண்ணீரில் வளர வேண்டுமாம். அந்தக் கிருமி வளர அழுகல் வேண்டுமாம். ஆகவே ஒரு இறாலைப் போட்டு, அது அழுகி, நாறி, தண்ணீர் விஷமாகி, பிறகு தானாகவே தெளியும்வரை நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ஜெர்லின் யூடியூபில் பார்க்கிற ஒருவர் சொன்னது இது. விருந்தாளி வருவதற்கு முன் வீட்டை நாறடிக்க வேண்டும். இதற்குப் பெயர் விஞ்ஞானம்.

நாறினால் நாறட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அது தவக்காலம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெருவில் இருக்கிற பதினைந்து கத்தோலிக்க வீட்டிலும் கிடையாது. முட்டைகூடக் கிடையாது. இந்த நாற்பது நாளில்தான் நான் இறால் வாங்கப் போனேன்.

மீன் கடை பாய்க்கு எங்களை நன்றாகத் தெரியும்.

"வாங்கம்மா. என்ன இந்தப் பக்கம்? உங்களுக்கு இன்னும் நோன்பு முடியலையே."

"இறால் வேணும் பாய்."

"எம்புட்டு?"

"ஒண்ணு."

"ஒரு கிலோவா?"

"ஒரு இறால்."

பாய் கத்தியைக் கீழே வைத்தார்.

"பூனை வளக்குறீங்களா?"

"மீனுக்கு பாய்."

"மீனு இறால் திங்குமா? என்ன மீனு?"

"இன்னும் வாங்கலை. நாலு வாரம் ஆகும்."

"அப்ப இறால யாரு திங்குறது?"

"யாரும் திங்கறதில்ல. அது அழுகணும்."

தன் கடைச் சரக்கு அழுகாது என்று தினமும் நூறு பேரிடம் சத்தியம் பண்ணி விற்கிற மனுஷர் அவர். அழுகுவதற்கென்றே கேட்டு வந்த கிராக்கி நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும். என்னைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, பெற்ற தகப்பன் மாதிரிச் சொன்னார்.

"யம்மா, நாக்கு கேக்குதுன்னா அரைக் கிலோ வாங்கிட்டுப் போங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எங்க நோன்புல நானும் சின்னப் பிள்ளையில ஒளிஞ்சு தண்ணி குடிச்சிருக்கேன். ஆண்டவன் பெரிய மனசுக்காரன்."

"இல்ல பாய், நெசமாவே தொட்டிக்குத்தான்."

"சரிம்மா. தொட்டிக்குத்தான். நான் நம்பிட்டேன்."

ஒரு இறாலை எப்படி எடை போடுவது என்று மூன்றை அள்ளி, காசு வேண்டாம் என்று சொல்லி, கறுப்புக் கவரில் சுற்றி, அதை இன்னொரு கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுத்தார். ஒரு பாவி இன்னொரு பாவிக்குச் செய்கிற உதவி. நான் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். திருட்டு நகைகூட இத்தனை பத்திரமாக வந்திருக்காது.

இறாலை வலைப்பையில் கட்டிப் போடச் சொல்லியிருந்தார் அந்த யூடியூப்காரர், சிதறாமல் இருக்க. வலைப்பை நம்மிடம் ஏது? ஜெர்லினுடைய பழைய வெள்ளை ஸ்கூல் சாக்ஸ் இருந்தது. அதற்குள் போட்டோம்.

"அந்த அண்ணன் ஒண்ணு போதும்னாரும்மா," என்றாள் ஜெர்லின்.

"மூணு இருக்கே."

"ஒண்ணே போதும்."

"ஒண்ணு அழுகாம போயிட்டா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. மார்ச் மாதத் திண்டுக்கல் வெயிலில் இறால் அழுகாமல் போய்விடுமோ என்று பயந்த பெண்மணி நான். மூன்றையும் போட்டேன்.

சாக்ஸின் வாயைக் கட்ட அவள் சிவப்பு நூல் கேட்டாள். வெள்ளை நூல் கல்லுக்குள் தெரியாமல் போய்விடுமாம். புத்திசாலிப் பிள்ளை. சிவப்பு நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, தொட்டிக்கு நடுவில் தொங்கவிட்டோம்.

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் லேசாக வந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வாசலில் ஷூவைக் கழற்றாமல் நின்றுகொண்டே, "கடல் வரும்னு சொன்னீங்க. துறைமுகமே வந்திருச்சே," என்றார்.

மறுநாள் மத்தியானம்தான் பிலோமி அக்காவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ஸ்டெல்லா, சாயங்காலம் ஆறு மணிக்கு அன்பியக் கூட்டம் உன் வீட்ல. லிஸ்ட்ல இருக்கு. மறந்திருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்."

மறந்திருந்தேன்.

தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்லுவது, அதுதான் அன்பியம். பிலோமி அக்கா அதற்குத் தலைவி. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். ரிட்டயர் ஆனது பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தவக்காலத்தில் யார் வீட்டு அம்மியில் மீன் மசாலா அரைக்கிறார்கள் என்பதைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு அவருக்கு.

"ஜெர்லின்," என்றேன். "ஒரு மணி நேரம் மட்டும் அந்த சாக்ஸ எடுத்து மொட்டை மாடியில வச்சிரலாமா?"

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். தெரியும், இப்படித்தான் ஆரம்பிப்பாய் என்று அந்தப் பென்சில் சொன்னது.

"சரி, சரி. எடுக்கல."

எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டால் மறைக்க வேண்டும். இனிமேல் நான் செய்ததெல்லாம் என் சொந்தப் புத்தி. வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

முதலில் சாம்பிராணி போட்டேன். ஹால் முழுக்கப் புகை. நாற்றத்தோடு சாம்பிராணியும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசனை பிறந்தது.

ஃபிரிட்ஜ் நாறினால் எலுமிச்சம்பழம் வெட்டி வைப்போம் இல்லையா? இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பாதி பாதியாக வெட்டி, தொட்டியின் நாலு மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்தேன்.

தொட்டித் தண்ணீர் தெறித்துக் காய்ந்து மேஜை முழுக்க உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. துடைக்க நேரமில்லை. அப்படியே விட்டேன்.

கடைசியாக எல்லாவற்றையும் மூட ஒரு துணி. அவ்வளவு பெரிய துணி வீட்டில் ஒன்றுதான் இருந்தது. என் கறுப்பு துப்பட்டா.

நீங்கள் இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்குப் புரியவில்லை. கான்வென்ட்டில் இதெல்லாம் பாடத்தில் வரவில்லை.

ஆறு மணிக்குப் பதினெட்டுப் பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஜெபமாலை ஆரம்பித்தது. மாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டி முடிக்கும்வரை பக்தியாகத்தான் போனது. நாலாவதில் பிலோமி அக்காவின் வாய் ஜெபத்திலும் மூக்கு விசாரணையிலும் இருந்தது. ஒவ்வொரு தலையாகத் திரும்பிற்று. மின்விசிறி சுற்றச் சுற்ற எல்லோருக்கும் சமமாகப் பங்கு போனது.

கடைசிச் சிலுவை போட்ட கையைக் கீழே இறக்குவதற்குள் கேட்டார்.

"என்னத்தா ஸ்டெல்லா, ராத்திரிக்கு என்ன வெஞ்சனம்?"

"உருளைக்கிழங்குக்கா."

"உருளைக்கிழங்கு இப்புடியா மணக்கும்?"

"சாக்கடைக்கா. தெருவுல அடைச்சுக்கிட்டு."

"அந்தத் தெரு வழியாத்தான நானும் வந்தேன். அங்க மணக்கலையே."

ஜெபமாலை முடிந்த அரை நிமிடத்தில் பொய் சொன்னேன், அதுவும் மாட்டிக்கொள்கிற பொய். பிலோமி அக்கா எழுந்து நேராக அடுப்படிக்குப் போனார். ஒவ்வொரு மூடியாகத் திறக்கிற சத்தம் கேட்டது. பாயில் இருந்தவர்கள் என் காதில் விழும்படி மெதுவாகப் பேசினார்கள்.

"சின்னப் பொண்ணு. ஆசைப்பட்டிருக்கும்."

"ஆசைப்பட்டா? நம்ம நாக்கெல்லாம் என்ன மரத்துலயா செஞ்சிருக்கு?"

"போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில என்னா உருக்கமாப் பாடுச்சு, பாத்தீகளா?"

அடுப்படியில் உருளைக்கிழங்கைத் தவிர ஒன்றும் கிடைக்காததில் பிலோமி அக்காவுக்கு ஏமாற்றம். மூக்கை முன்னால் விட்டு அதன் பின்னால் நடந்து மறுபடி ஹாலுக்கு வந்தார். டிவிக்குப் பக்கத்தில் நின்றார். கறுப்பு துப்பட்டாவை ஒரே இழுப்பாக இழுத்தார்.

சாம்பிராணிப் புகை. நாலு மூலையில் வெட்டின எலுமிச்சம்பழம். சுற்றி உப்பு. நடுவில் கலங்கின தண்ணீர். தண்ணீருக்குள் சிவப்பு நூல் சுற்றின வெள்ளை முடிச்சு ஒன்று, மோட்டார் அலையில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"மாதாவே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதுவரை அந்த அறையில் என்மேல் இருந்தது இளக்காரம். அது அப்படியே அணைந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். மற்ற பதினேழு பேரும் பாயோடு ஒரு முழம் பின்னால் நகர்ந்தார்கள்.

"இது என்னத்தா?" பிலோமி அக்காவின் குரலில் ஹெட்மிஸ்ட்ரஸ் இல்லை.

"மீன் தொட்டிக்கா."

"மீன் எங்க?"

"இன்னும் வரலை."

"மீன் வராத தொட்டியில எதுக்கு முடிச்சு?"

"உள்ள இறால் இருக்குக்கா. அழுகுறதுக்காகக் கட்டிப் போட்டிருக்கோம்."

என் வாயாலேயே அதைச் சொல்லிக் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. செய்வினை. இவர்கள் இதைச் செய்வினை என்று நினைக்கிறார்கள். ஒழுங்காக விளக்கினால் சரியாகிவிடும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெர்லின் உதவிக்கு வந்துவிட்டாள்.

"அழுகினா தண்ணி முதல்ல விஷமாகும் ஆன்ட்டி. அப்புறம் நாலு வாரத்துல தானா சரியாயிரும்."

"இதெல்லாம் யாரு கண்ணு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யூடியூப்ல ஒரு அண்ணன்."

"எந்த ஊரு?"

"கேரளா."

முடிந்தது. வேறு எந்த மாநிலத்தைச் சொல்லியிருந்தாலும் எனக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வேலைக்கு மலையாள தேசத்தை விட்டால் ஆள் கிடையாது என்று கைக்குழந்தைக்கும் தெரியும். பாயில் இருந்த இரண்டு பேர் செருப்பைத் தேடப் போனார்கள்.

பிலோமி அக்கா கழுத்துச் செயினில் தொங்கிய சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டெல்லா. இத இப்பவே எடுத்துக் கொட்டு. எங்க கண்ணு முன்னால கொட்டு. நான் யார்ட்டயும் சொல்லல. கொட்டலைன்னா காலைல ஃபாதர்ட்டப் போயி நிப்பேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் வாளியைத் தேடியது. கொட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஒரு வாளி, இரண்டு நிமிடம். மறுபடி நல்ல பெண் ஆகிவிடலாம்.

ஜெர்லின் பிலோமி அக்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அது நடப்பதற்காகக் காத்திருந்தாள்.

"மாட்டேன்க்கா," என்றேன்.

வீரமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். எலி கதவிடுக்கில் மாட்டினால் வருகிற சத்தம் அது. ஆனாலும் சொன்னேன். முப்பது வயதில் முதல் தடவையாக ஒரு ஹெட்மிஸ்ட்ரஸிடம் மாட்டேன் என்று சொன்னேன்.

"அப்ப நானே எடுக்குறேன்," என்று பிலோமி அக்கா முந்தானையை இடுப்பில் சொருகினார். வலது கையைத் தொட்டிக்குள் விடப் போனார்.

உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். என் பன்னிரண்டு வருடப் பயமும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தது.

"கை வைக்காதீங்க," என்று அலறினேன். "வச்சா உயிர் போயிரும்."

கரண்ட் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். அந்த வார்த்தைக்கு மூச்சு மிச்சம் இல்லை.

பிலோமி அக்காவின் கை தண்ணீருக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, தூங்குகிற நாயைத் தாண்டிப் போவதைப்போலப் பின்னால் போனது.

அடுத்த ஒரு நிமிடத்தில் வீடு காலி. ஒரு அண்டா சுண்டல் வைத்திருந்தேன், ஒருவரும் ஒரு பருப்பைத் தொடவில்லை. என் கையால் செய்த சுண்டலை இனி எந்த நம்பிக்கையில் தின்பார்கள்?

கூட்டம் வெளியே போகும்போது என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். எல்லோரும் அவரைத் தொடாமல் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

"என்ன, இம்புட்டுச் சீக்கிரம் முடிஞ்சிருச்சு?"

நடந்ததைச் சொன்னேன். ஒரு கிண்ணம் சுண்டலோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"அப்ப இனிமே நம்ம வீட்ல கூட்டம் போட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"சொல்லாம கொள்ளாம வரவும் மாட்டாங்க?"

"மாட்டாங்க."

தொட்டியை ஒருமுறை பார்த்தார். "நல்ல தொட்டி," என்றார்.

மறுநாள் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஊரே என்னைச் சூனியக்காரி என்று சொல்லும்போது ஒரு பிள்ளையிடம் செய்த சத்தியம் எம்மாத்திரம் என்று எனக்கு நானே பிரசங்கம் வைத்து முடித்திருந்தேன். ஜெர்லின் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். வாளியைப் பார்த்தாள். மறுபடி லேஸைப் பார்த்தாள்.

திட்டியிருந்தால் கொட்டியிருப்பேன்.

வாளியில் துணி ஊறவைத்தேன்.

ஃபாதரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊரில் என்னை நம்பின ஒரே ஆள் அவர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை லிட்டர் தொட்டி?" என்று கேட்டார். அன்பியத்தில் எடுத்துச் சொல்கிறேன் என்றார். சொன்னாராம். ஃபாதரையே மயக்கிவிட்டேன் என்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்தோம். எதிர்வீட்டில் என் குக்கரை வாங்கி மூன்று மாதமாகத் தராமல் இருந்தவர், திங்கட்கிழமை அதைப் புளி போட்டுத் தேய்த்து, புது கேஸ்கட் மாட்டி, வாசல்படியில் வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போனார். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை எங்கள் பக்கம் விழுவது நின்றது. பன்னிரண்டு வருடக் கான்வென்ட் ஒழுக்கத்தில் ஒருவரும் எனக்குத் தராத மரியாதை இது. எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாலு வாரமும் ஜெர்லின் தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து மாதிரி ஒன்றை அதில் விட்டு, மாறுகிற நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். பச்சை, கரும்பச்சை, பிறகு ஒருநாள் சுத்த மஞ்சள். விஷம் இறங்கிவிட்டது. வெறும் சாக்ஸை வெளியே எடுத்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மதுரையிலிருந்து மீன் வந்தது. ஒரு ஜோடி. பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து அவள்தான் திறந்துவிட்டாள். இரண்டும் கல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, ஏதோ பிறந்ததிலிருந்து திண்டுக்கல்லில் குடியிருப்பவை மாதிரி நின்றன.

ஜெர்லின் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பரவால்லம்மா நீ," என்றாள். தொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இன்றைக்கு மத்தியானம் வாசலில் பிலோமி அக்கா நின்றார். தனியாக. தலையில் முக்காடு. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, தொட்டியிலிருந்து தள்ளிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். மீன் இரண்டும் அவருக்கு எதிரிலேயே விளையாடிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை.

"ஸ்டெல்லா, என் மாடியில வாடகைக்கு இருக்கவன் காலி பண்ண மாட்டேங்குறான்த்தா. ரெண்டு வருசமா அவன் பண்ற அலும்பு கொஞ்சநஞ்சமில்ல. பிள்ளைக வெளியூர்ல இருக்கு. நான் ஒத்தையில என்ன செய்ய?"

"ஐயோ அக்கா, வக்கீலப் பாருங்க."

"வக்கீலப் பாத்தாச்சு." குரலை இறக்கினார். "அந்த முடிச்ச எனக்கும் ஒண்ணு கட்டிக் குடேன்."

நான் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். கிருமி, கழிவு, மீன், தண்ணீர், எல்லாவற்றையும். ஜெர்லினுடைய நோட்டை எடுத்து வந்து நிறம் நிறமாகக் காட்டினேன். கால் மணி நேரம். என் வாழ்க்கையில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் நான் சொல்வதைக் கை கட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டார்.

"சரித்தா. தொழில் ரகசியத்த நீ சொல்ல வேண்டாம். வேலை செய்ய எத்தன நாளாகும், அத மட்டும் சொல்லு."

"நாலு வாரம்க்கா," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.